பேட்டை வழியாக அல்பேனியா

ஜனவரி 4, ஞாயிறு

இந்த மே விடுமுறையில் நானும் சபுராவும் அல்பேனியா போகிறோம்.

எழுதினால் நடந்துவிடும் என்று இல்லை. ஆனால் எழுதாமல் விட்டால், போன இரண்டு தடவையும் ஆனது போல, இப்படி ஒரு பேச்சு இருந்ததே எனக்கு மறந்துபோகும். அதற்காகத்தான் உரக்கடைக்காரர் கொடுத்த இந்த டைரியை எடுத்தேன். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சியும் அதற்கான மருந்தும் அச்சாகியிருக்கின்றன. இன்றைக்குத் தண்டுத் துளைப்பான்.

சபுரா எங்கள் பள்ளியில் வேதியியல் எடுக்கிறாள். நான் புவியியல். ஒரே ஜூன் மாதத்தில் வேலைக்குச் சேர்ந்தோம், ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். "நீ படத்தப் பாத்து முன்னால போ, நான் உன் முந்தானயப் பிடிச்சுட்டே வாறேன்" என்கிறாள். இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு உலகப் படம் மாட்டுகிறேன். குச்சியால் தொட்டுக் காட்டிய எந்த நாட்டுக்கும் போனதில்லை.

ஏன் அல்பேனியா என்று சபுராவும் கேட்டாள். எம்.ஏ. படிக்கும்போது சீட்டுக் குலுக்கி ஆளுக்கொரு நாடு கொடுத்தார்கள். ஒருத்திக்குப் பிரான்ஸ், ஒருத்திக்குப் பிரேசில். எனக்கு அல்பேனியா. நூலகம் முழுக்கத் தேடியும் ஒரே ஒரு பத்திதான் கிடைத்தது. அதை வகுப்பில் வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். "அவ்வளவுதானாம்மா?" என்றார் பேராசிரியர். "அவ்வளவுதான் சார்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

ஒரு நாடு அவ்வளவுதானாக இருக்க முடியாது.

ஜனவரி 5

பாஸ்போர்ட் செல்லும். பார்த்துவிட்டேன்.

ஜனவரி 18, ஞாயிறு

வீட்டில் சொல்லியாயிற்று. ஆப்பம் நன்றாக வந்த நேரம் பார்த்துச் சொன்னேன்.

அத்தைதான் முதலில் வாய் திறந்தார். அத்தை என்றால் என் மாமியார். எண்பதை நெருங்குகிறார், காது கூர்மை.

"அங்க நம்மாளுவ ஆரும் இருக்காவளா?"

"ஆரும் இல்ல அத்தை."

"கோயிலு?"

"நம்ம கோயில் இல்ல."

"ஆளும் இல்ல, கோயிலும் இல்ல. பின்ன அங்க என்னதான்ட்டி இருக்கு?"

"மலை இருக்கு. கடல் இருக்கு."

"ரெண்டும் இங்க இல்லயாக்கும்?" என்று இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து கேட்டார். இவர் பெயர் கைலாசம். மின்வாரிய அலுவலகத்தில் வேலை. நல்ல மனிதர். குரல் உயர்த்தியது கிடையாது. கடைசியில் இவர் சொன்னது: "மே மாசம்தான? பாப்போம்."

எனக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து இந்த வீடு இரண்டு சொற்களில் ஓடுகிறது. இவர் 'பாப்போம்' என்பார். நான் 'சரி' என்பேன். ஊட்டியும் அந்தமானும் இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் காணாமல் போயின.

இன்றைக்கும் 'சரி' என்றேன். ஆனால் இவர் சொன்னதை மறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஜனவரி 31

படிக்கப் படிக்க ருசியாக இருக்கிறது. ஊர் விட்டு ஊர் போக அங்கே சின்ன வேன்கள் ஓடுகின்றன. ஃபுர்கோன் என்று பெயர். நேரம் காலம் கிடையாது. ஆள் நிறைந்தால் எடுப்பார்கள். சபுராவிடம் சொன்னேன். "நம்ம மேலப்பாளையம் ஷேர் ஆட்டோதானளா?" என்றாள்.

சாப்பாட்டுக்குப் பயமில்லை. கீரை வைத்து, பாலாடைக்கட்டி வைத்து, அடுக்கடுக்காகச் சுட்ட ஒரு பண்டம் தெருவுக்குத் தெரு கிடைக்குமாம். எனக்குச் சைவம், சபுராவுக்கு ஹலால். இரண்டுக்கும் அந்த ஊரில் இடம் இருக்கிறது.

இன்னொன்றும் படித்தேன். அங்கே பெரியவர்கள் ஆமாம் என்பதற்குத் தலையை இடவலமாக ஆட்டுவார்களாம். வெள்ளைக்காரர்களுக்கு இதில் பெரிய குழப்பமாம். நமக்கு என்ன குழப்பம்?

திரானாவில் இரண்டு இரவு, பிறகு பெராத், பிறகு தெற்கே கல்வீட்டு ஊரான ஜிரோகாஸ்டர், கடைசியில் கடற்கரை. வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். கோணலாக வந்தது. அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

பிப்ரவரி 14, சனி

டிக்கெட் போட்டாயிற்று. மே 8, வெள்ளி இரவு, திருவனந்தபுரத்திலிருந்து. நடுவில் இரண்டு இடத்தில் விமானம் மாற வேண்டும். என் சம்பளம், என் கார்டு, என் விரல். மகன் ஹைதராபாத்திலிருந்து "நான் போட்டுத் தாரேம்மா" என்றான். வேண்டாம் என்றேன்.

பொத்தானை அழுத்தியதும் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். பஞ்சாங்கம் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

மார்ச் 7, சனி

சபுரா வரவில்லை.

அவள் மகள் பிள்ளையுண்டாகியிருக்கிறாள் என்பது தெரியும். பிரசவம் ஜூன் கடைசி என்று சொல்லியிருந்தார்கள். இப்போது டாக்டர் மே நடுவிலேயே ஆகலாம் என்கிறாராம். பள்ளி முடிந்து சைக்கிள் கொட்டகைப் பக்கம் கூட்டிப்போய்ச் சொன்னாள். எனக்கு முன்னால் அவள் அழுதுவிட்டாள்.

"நான் பாவிளா. உன் கனவுல மண்ணள்ளிப் போட்டுட்டேன்."

"உளறாத. புள்ளதான் முக்கியம்."

"நீ போ. நீ மட்டும் போ."

அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தலையாட்டினேன்.

மார்ச் 8, ஞாயிறு

இவரிடம் சொன்னேன். வருத்தப்பட்டார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் மத்தியானம் ஒரு கரண்டி கூடுதலாகச் சாப்பிட்டார். "அதனால என்ன, அடுத்த வருசம் பாப்போம்" என்றார்.

சரி என்றேன்.

மார்ச் 9

டிக்கெட்டை ரத்து செய்ய வேண்டும்.

மார்ச் 15, ஞாயிறு

இன்னும் ரத்து செய்யவில்லை. தேர்வுத் தாள், பிராக்டிகல் நோட்டு என்று வேலை அதிகம். பயணம் இல்லை என்று ஆகிவிட்டதால் மனது லேசாக இருக்கிறது.

சும்மா இருக்கும் நேரத்தில் அல்பேனிய எண்கள் படிக்கிறேன். ன்யே, டி, த்ரே. மூளைக்கு நல்லது என்று எங்கோ வாசித்தேன். சாம்பார் கொதிக்கும்போது பத்து வரைக்கும் சொல்லிப் பார்த்தேன். அத்தை, "என்னட்டி முணுமுணுக்க, மந்திரமா?" என்றார்.

மார்ச் 29

பள்ளிக்குப் போட ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். மலை ஏற ஏற்றது என்று கடைக்காரர் சொன்னார். எங்கள் பள்ளியில் மாடிப்படி நிறைய.

ஏப்ரல் 3

சபுராவின் பெயரை எடுத்துவிட்டு என் ஒருத்திக்கு மட்டும் விசாவுக்கு விண்ணப்பித்தேன். கேட்டால் கொடுக்கிறார்களா என்று பார்க்கத்தான். ஒற்றைப் பெண்ணுக்கு எப்படியும் கொடுக்க மாட்டார்கள்.

ஏப்ரல் 10, வெள்ளி

கொடுத்துவிட்டார்கள்.

ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில், பிள்ளைகள் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும்போது போனில் வந்தது. ஜன்னல் பக்கம் போய் நின்றேன். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "டீச்சர், ஏன் சிரிக்கிய?" என்றாள். "எழுது" என்றேன்.

இனி எனக்கு நானே கதை சொல்லிக்கொண்டிருக்க முடியாது. ஒரு மாதமாக நான் போகாமல் இருக்கவில்லை. போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

மாலையில் இவர் வந்து சட்டையைக் கழற்றி மாட்டுவதற்கு முன்பே சொன்னேன். "நான் மட்டும் போறேங்க."

"எங்க?"

"அல்பேனியா."

சட்டையை மாட்டிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அது முடிஞ்சு போச்சுன்னுல்லா நெனச்சேன்."

"நானும்தான் நெனச்சேன்."

"ஒத்தையிலயா? பாஷ தெரியாத ஊர்ல? ஒண்ணுன்னா ஆரு இருக்கா? நீ போகாட்டா என்ன கொறஞ்சிரும்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதுமே பதில் இருந்ததில்லை. ஏனென்றால் உண்மையிலேயே எதுவும் குறையாது. சோறு இருக்கும், பள்ளி இருக்கும், இவர் இருப்பார். இன்றைக்கு அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்.

"போனா என்ன கொறஞ்சிரும்?"

இவர் காபியை ஆற்றாமலே குடித்தார். இந்த ஒரு தடவை போகாவிட்டால் இனி எப்போதும் போக மாட்டேன். இந்த டிக்கெட் போனால் அடுத்த ஆண்டு இவர் 'பாப்போம்' என்று சொல்லக்கூடத் தேவையிருக்காது. நான் கேட்கவே மாட்டேன். அது எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பிரமு மதினி தற்செயலாக வந்தார். இவருக்கு மூத்த அக்கா, பாளையங்கோட்டையில் வீடு. கையில் தற்செயலாகப் பஞ்சாங்கம் இருந்தது.

செருப்பைக் கழற்றும்போதே தொடங்கினார். "ஏ ஆவுட, ஒனக்கு என்னிக்குப் பயணம்?"

"மே எட்டு, மதினி."

"வெள்ளிக்கெழம. எந்தத் திசை?"

"மேற்கு."

"வெள்ளிக்கெழம மேக்க சூலம்! புள்ளைகளுக்குத் திசை சொல்லிக்குடுக்கிற டீச்சரு, சூலம் தெரியாதுங்கா. போதாக்கொறைக்கு ஒன் நட்சத்திரம் திருவாதிரைக்குச் சந்திராஷ்டமம். மூதேவி சீதேவி பாக்காம டிக்கெட்டு எடுத்திருக்கியே!"

தோசைக்கல்லைக் கூட நல்ல நேரம் பார்த்து வாங்குகிற வீடு இது. இதில் இருபத்து மூன்று வருடம் இருந்துவிட்டு, நாட்டை விட்டுப் போகிற நாளுக்குப் பஞ்சாங்கம் பார்க்காமல் விட்டவள் நான். வேறு எந்த ஊர்க்காரியும் இதை ஒரு தப்பாக நினைக்கமாட்டாள்.

இவர் மின்விசிறியைப் பார்த்தபடி, "நான் ஒண்ணும் சொல்லல. அக்காதான் சொல்லுதா" என்றார்.

"டிக்கெட்ட மாத்திப் போடு" என்றார் மதினி. "ஆவணி பொறக்கட்டும்."

ஆவணியில் பள்ளி நடக்கும். அது மதினிக்கும் தெரியும். என் வாய்க்குள் 'சரி' வந்து உட்கார்ந்துவிட்டது. பல்லுக்குப் பின்னால் அது இருப்பது எனக்கே தெரிந்தது. அதை எப்படி விழுங்கினேன் என்று தெரியவில்லை.

"அப்பம் பரஸ்தானம் வச்சிருவோம் மதினி" என்றேன்.

பரஸ்தானம் இதுதான். கிளம்பும் நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்னால் வருகிற நல்ல நாளில் பயணப் பெட்டியை மட்டும் எடுத்துப்போய், போகும் திசையில் இருக்கிற வேறொரு வீட்டில் வைத்துவிடுவது. பெட்டி வாசல் தாண்டிய நேரம்தான் கிளம்பிய நேரம் என்று கணக்கு. இவர் முதல் வேலைக்கு மதுரைக்குப் போனபோது அத்தை இவருக்கு அப்படித்தான் வைத்தாராம். அந்தக் கதையை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன்!

மதினிதான் சுதாரித்தார். "அதெல்லாம் உத்தியோகத்துக்குப் போற ஆம்பளயளுக்கு."

அத்தை இடித்துக்கொண்டிருந்த வெற்றிலையை நிறுத்தினார். "எந்தப் பஞ்சாங்கத்துல ஆம்பளைக்குன்னு போட்டிருக்கு? எடுத்துக் காட்டு."

மதினி புரட்டினார். அப்படி எதுவும் போட்டிருக்கவில்லை.

"மேக்க வீடு வேணும்லா? அங்க நமக்கு ஆரு இருக்கா?"

"பேட்டை" என்றேன். "சபுரா வீடு."

"அவாள் வீட்டுலயா பரஸ்தானம்?"

"தெசைக்குத் தெரியுமாட்டி ஆரு வீடுன்னு?" என்றார் அத்தை. பிறகு என்னைப் பார்த்தார். "ஒண்ணு கேட்டுக்கோ. படி தாண்டின பெட்டி திரும்ப இந்த வீட்டுக்குள்ள வரப்படாது. வந்தா வீட்டுக்கு ஆகாது. யோசிச்சுச் செய்யி."

"அப்ப நான் அத்தை? நான் வீட்டுல இருக்கலாமா?"

"இருந்துக்கோ. விருந்தாளி மாரி."

அத்தை எனக்காகப் பேசினாரா, வழக்கத்துக்காகப் பேசினாரா என்று பாத்திரம் கழுவும்போது யோசித்தேன். கேட்கவில்லை. இரண்டில் எதுவானாலும் எனக்குப் போதும்.

ஏப்ரல் 30

பள்ளி முடிந்தது. பெராத்தில் அறை உறுதி. பென்சில் கோட்டின் மேல் இன்று பேனா.

மே 6, புதன்

காலை நல்ல நேரத்தில் பெட்டி படி தாண்டியது.

இவர்தான் தூக்கி ஆட்டோவில் வைத்தார். அத்தை வாசலில் தண்ணீர் தெளித்து, பெட்டிக்கு விபூதி பூசினார். ஆட்டோக்காரர் நான் ஏறுவதற்குக் காத்திருந்து, "ஊருக்காம்மா?" என்றார். "பெட்டிதான் போகுது, நான் வெள்ளிக்கெழம" என்றேன். பிறகு பேட்டை வரை கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

சபுரா வாசலில் நின்றாள். நிறைமாத மகள் நாற்காலியை நகர்த்தி இடம் ஒதுக்கினாள். பெட்டியை முன்னறையில் மேற்குச் சுவரோரம் வைத்தோம்.

"ஏளா, இதுக்குத் தனியா ஃபேன் போடணுமா? சோறு வைக்கணுமா?"

"வெளிய மட்டும் போகாமப் பாத்துக்கோ."

"என் உசுரு இருக்க வர ஒரு பய தொட முடியாது" என்றாள்.

வெறுங்கையோடு திரும்பினேன். டவுன் ஆர்ச் பக்கம் வரும்போது திடீரென்று புரிந்தது. நான் ஊருக்குப் போய்விட்டேன். இந்தப் போவது வருவதெல்லாம் கணக்கில் இல்லை.

மே 7, வியாழன்

காலையில் கண் விழித்ததும் பயம். நேற்று வரை இல்லாத பயம். விமான நிலையத்தில் வழி தவறுவேன், காய்ச்சல் வரும், யாரும் இல்லாத அறையில் கிடப்பேன். இதுவரை ஓர் இரவுகூட ஓர் அறையில் தனியாகப் படுத்ததில்லை என்பது இன்றைக்குத்தான் நினைவுக்கு வந்தது. போகாமல் இருந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்று தோன்றியது. எழுந்து, பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் திரும்ப அடுக்கிவிடலாம் என்று போனேன். பெட்டி இல்லை. பேட்டையில் இருக்கிறது. அது இங்கே வரவும் கூடாது.

அலமாரிக்கு முன்னால் நின்று சிரித்தேன்.

அடுக்களைக்குப் போனால் அத்தை மறித்தார். "கிளம்பினவ அடுப்பத் தொடப்படாது."

இப்படி ஒரு விதியை நான் கேள்விப்பட்டதில்லை. அத்தை இன்று காலைதான் உண்டாக்கினார் என்று சந்தேகம். இவரை அழைத்து, "ஏல கைலாசம், வந்து ரசம் வையி" என்றார். இவர் என்னைப் பார்த்தார். நான் விருந்தாளி மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தேன். உள்ளே இருந்து ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம். ஒரு தடவை எழப் போனேன். "உக்காரு" என்றார் அத்தை.

சாப்பாடு நடுவில் மதினி போன். அத்தை ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, எம் மவ லச்சுமியப் பாக்க ஞாயித்துக்கெழம மாப்பிள வீட்டுக்காரவ வாராவ. பதினஞ்சு பேரு. ஆவுட இல்லாம எனக்குக் கை ஓடாது. பயணத்த ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லு."

"ஆவுடயா? அவ புதங்கெழமயே போயிட்டாளே!"

"என்னம்மா சொல்லுத? பக்கத்துல சிரிக்கிறது ஆரு?"

"அது வேற."

"மதினி, லச்சுமிக்கு நல்ல எடமா அமையட்டும்" என்று நான் பக்கத்திலிருந்து சொன்னேன்.

"ஏ ஆவுட! நீ அங்கதான இருக்க?"

"இல்ல மதினி" என்றேன். இவருக்குப் புரையேறிவிட்டது. அத்தை, மகனின் தலையைத் தட்டிக்கொண்டே போனை அணைத்தார்.

மதினிக்காகக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் எல்லா மேயிலும் யாருக்காவது பதினைந்து பேர் வருவார்கள்.

மாலையில் ஸ்கூட்டருக்குக் காற்று அடித்துவிட்டு வருகிறேன் என்று இவர் போனார். திரும்ப வெகு நேரமாயிற்று. வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டயர் இரண்டையும் பார்த்தேன். போகும்போது இருந்த மாதிரியே இருந்தன.

மே 8, வெள்ளி

காரில் எழுதுகிறேன். கையெழுத்து ஆடுகிறது.

மத்தியானம் வாடகைக் கார் வந்தது. அத்தை வாசல் வரை வந்தார். 'போய்ட்டு வா' என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார், நான்தான் புதன்கிழமையே போய்விட்டேனே. "எங்க போனாலும் வேளைக்குத் தின்னு" என்று மட்டும் சொன்னார்.

பேட்டையில் பெட்டியை எடுக்க இறங்கினேன். இவர் காரிலேயே இருந்தார். சபுரா என்னை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து ஒன் வீட்டு சாரு வந்தாவ. ஏதோ சாமான் வைக்க மறந்துட்டா, பெட்டியக் கொண்டுட்டுப் போறேன்னாவ."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? எடுத்துட்டு வாசப்படி வர போனாவ. அங்கேயே நின்னாவ. கொஞ்ச நேரம் கழிச்சு, 'இவ்வளவு லேசா இருக்கே, இவ்வளவுதானா கொண்டு போறா?'ன்னாவ. திரும்பக் கொண்டாந்து அதே எடத்துல வச்சுட்டாவ. டீ குடிச்சாவ. போகும்போது, சக்கரம் உருளுதான்னு பாக்க வந்தேன்னு சொல்லுங்கன்னாவ."

பெட்டியைத் தள்ளிக்கொண்டு காருக்கு வந்தேன். இவர் இறங்கி வாங்கி வைத்தார்.

"சக்கரம் நல்லா உருளுது" என்றேன்.

"ம்" என்றார்.

இவர் சக்கரம் பார்க்கத்தான் போயிருக்கிறார். அப்படித்தான் எழுதப்போகிறேன்.

ஆரல்வாய்மொழி வந்தது. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அங்கேதான் இவர் கேட்டார்: "நான் என்ன செய்வேன்னு நெனச்சே?"

"எப்ப?"

"நீ இல்லாதப்ப."

"ரசம் வைப்பிய."

"அது ரசமாட்டி?"

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் இவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கையை இவர் கைமேல் வைத்தேன். டிரைவர் இருக்கிறார் என்று கூச்சமாக இருந்தது. எடுக்கவில்லை.

அதே நாள், விமான நிலையம்

டிக்கெட் உள்ளவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். வாசலில் காவலர் என் பாஸ்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "ஒராளா?" என்றார். ஒரு ஆள்தான் என்றேன்.

"எறங்கினதும் பேசுவியா?" என்றார் இவர்.

"பாப்போம்."

"சரி" என்றார்.

மே 10, திரானா

வந்துவிட்டேன். வந்தேவிட்டேன்.

இதற்கு மேல் இன்று எழுத முடியாது. நடக்கப் போகிறேன்.

மே 12, பெராத்

ஆற்றின் இரண்டு கரையிலும் வெள்ளை வீடுகள் ஒன்றன் தோளில் ஒன்றாக ஏறி நிற்கின்றன. வீட்டைவிட ஜன்னல் அதிகம். எந்தப் பக்கம் நின்றாலும் யாரோ நம்மைப் பார்க்கிறார்கள் என்று இருக்கிறது, ஆனால் கூச்சமாக இல்லை.

விடுதிக்காரம்மா ட்ரிதா என் வயதுதான் இருப்பாள். போனில் மொழிபெயர்த்துக் கேள்வி கேட்கிறாள். கல்யாணம் ஆயிற்றா, பிள்ளை எத்தனை, கணவர் எங்கே, ஏன் வரவில்லை, இங்கே சொந்தக்காரர்கள் உண்டா? அத்தையை இங்கே கொண்டுவந்து விட்டால் ஒரே மணி நேரத்தில் சிநேகிதிகளாகிவிடுவார்கள். "சொந்தம் யாரும் இல்லை, நாட்டைப் பார்க்க வந்தேன்" என்று தட்டிக் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தாள். பிறகு எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூட்டிவந்து என்னைக் காட்டினாள்.

மாலையானால் ஊரே தெருவுக்கு வந்துவிடுகிறது. எங்கும் போவதற்கல்ல. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, திரும்ப இந்த முனைக்கு. நன்றாக உடுத்திக்கொண்டு, கை கோத்துக்கொண்டு, கதை பேசிக்கொண்டு. நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தேன். மூன்றாவது சுற்றில் ஒரு அம்மாள் எனக்கு வணக்கம் சொன்னாள். நான்காவது சுற்றில் நான் முந்திக்கொண்டேன்.

அறையில் தனியாகத்தான் படுக்கிறேன். நேற்று விளக்கைப் போட்டுக்கொண்டு படுத்தேன். இன்று அணைத்துவிடுவேன்.

மே 14, வியாழன்

இன்று ஜிரோகாஸ்டர் போயிருக்க வேண்டும். பேனாக் கோடு அப்படித்தான் போகிறது. காலையில் வேன்கள் நிற்கும் இடத்துக்குப் போனேன். அந்த வண்டியில் ஆளே இல்லை, நிறைய நேரமாகும் என்றார்கள். அதற்கு எதிரே இன்னொரு வேன் கிளம்புவதற்கு உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே சந்தைக்கு வந்த பெண்கள், பால் கேன்கள், கால் கட்டிய ஒரு கோழி. ஓட்டுநர் என்னைப் பார்த்து ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னார். நான் ஐந்து மாதம் படித்ததில் அந்தப் பெயர் இல்லை.

வரைபடத்தை எடுக்கக் கை பைக்குள் போனது. வெளியே எடுத்தேன், வெறுங்கையாக. ஏறிக்கொண்டேன்.

ஒரு கிழவி நகர்ந்து இடம் கொடுத்து, கேட்காமலே என் மடியில் ஒரு பிடி செர்ரிப் பழம் வைத்தாள். சாலை ஆற்றோடு கொஞ்ச தூரம் வந்து, பிறகு ஆற்றைக் கீழே விட்டுவிட்டு மலைமேல் ஏறியது. ஒரு திருப்பத்தில் முழு மலையும் வந்து நின்றது. உச்சியில் இன்னும் பனி. வகுப்பில் எத்தனை பனிக்கோடு வரைந்திருக்கிறேன், வெள்ளைச் சாக்பீஸால்! கரும்பலகையில் இது இவ்வளவு உயரம் இல்லை.

அதற்கு மேல் போக முடியவில்லை. சாலை நிறைய ஆடுகள். வண்டி நின்றது. எல்லாரும் இறங்கினோம். அப்போது இவர் போன்.

"ஏட்டி, எங்க இருக்க?"

"தெரியலங்க."

"தெரியலயா? ஜியாக்ரபி டீச்சருக்கே தெரியலயா?"

"நெசம்மாவே தெரியல. ஒரு மலையில இருக்கேன்."

பயந்துவிட்டாரோ என்று நினைத்தேன். பிறகு இவர் சிரிக்கிற சத்தம். "அம்மா, அவளுக்கு எங்க இருக்கான்னே தெரியலயாம்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். இவர் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பின்னாலிருந்து அத்தை, "தின்னாளான்னு கேளு" என்றார்.

"தின்னேன்னு சொல்லுங்க" என்றேன். வாயில் செர்ரி.

ஆடுகள் முடிந்தன. மேய்க்கிறவர் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். பெண்கள் சிலர் திரும்ப வண்டியில் ஏறாமல், ஒற்றையடிப் பாதையில் பிரிந்து போனார்கள். ஓட்டுநர் என்னைப் பார்த்து, இங்கேயே நிற்கிறாயா, இன்னும் வருகிறாயா என்று கையால் கேட்டார்.

மேலே என்று கை காட்டினேன்.